மீதி இரண்டு

வெண்ணெயைக் கம்பியால் அறுப்பது என் வேலை.
ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ்.
போர் முடிந்தது, அளவு முடியவில்லை.

அதனால் எண்களில் எனக்கு
வேண்டியவை வேண்டாதவை உண்டு.
பதின்மூன்று கல்நெஞ்சு.
பத்தொன்பது, எதைக் கேட்டாலும் கையை விரிக்கும்.
பன்னிரண்டு அப்படியில்லை:
இருவர் வந்தாலும் மூவர் வந்தாலும்
நால்வர், அறுவர் வந்தாலும்
முகம் சுளிக்காமல் பரிமாறும்.
ஒரு பவுனுக்கு இருநூற்று நாற்பது பென்னி.
இருபது விதமாய் மீதியில்லாமல் பிரியும்.
அப்படி வைத்த புண்ணியவான் யாரோ,
கல்லறை தெரிந்தால் பூ வைப்பேன்.

ஐயாயிரத்து நாற்பதை எனக்குக் காட்டியவர்
லெனர்ட் பெட்டிட், விதைக் கம்பெனிக் கணக்கர்,
எங்கள் கோபுரத்தில் மணியடிப்போரின் தலைவர்.
ஏழு மணிகள். வரிசை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும்,
அடித்த வரிசை திரும்ப வரக்கூடாது.
ஏழு, ஆறு, ஐந்து என்று ஒன்றுவரை பெருக்கினால்
அத்தனை வரிசை.
மூன்று மணி நேரம்.
மூக்கு அரித்தாலும் கை கிடைக்காது.

"அறுபது பேரால் வகுபடும்," என்றார்,
மாவுப் பையின் முதுகில் பென்சிலால் எழுதியபடி.
"இதைவிடச் சிறிய எதற்கும்
இத்தனை வகுத்திகள் கிடையாது, ஈனிட்.
உரித்துப் பார்.
இரண்டு நாலு தடவை, மூன்று இரு தடவை,
ஐந்து ஒன்று, ஏழு ஒன்று.
ஒரு படியையும் தாண்டிக் குதிக்கவில்லை.
அடியில் அகலம், ஏற ஏற ஒடுக்கம்."
நாங்கள் நின்றிருந்ததும் அப்படியொரு படிக்கட்டில்தான்.

ஏழோடு நின்றுவிடுகிறது.
அடுத்த படி பதினொன்று.

தேவாலய வாசலில் அந்தக் கோடையில் நட்ட கல்லில்
பதினொரு பெயர்கள்.
அவர்களுக்காகத்தான் அடிக்கப்போகிறோம்.
பெட்டிட் ஒவ்வொருவருக்கும் சமமாக
இத்தனை வரிசை என்று ஒதுக்கப் பார்த்தார்,
பழக்கதோஷம்.
ஆளுக்கு நானூற்று ஐம்பத்தெட்டு,
மீதி இரண்டு.
மறுபடி வகுத்தார். மீதி இரண்டு.
பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
ஒன்றும் பேசாமல் மேலே ஏறினார்.

நவம்பர், சஃபோக் வயல்களில் பீட்ரூட் சேறு.
மூன்றாம் மணி என்னுடையது.
ஐந்தாவதில் பேசில் கட்டிங்,
பாலைவனத்திலிருந்து பாதிக் காதோடு வந்தவன்.
மணிகளுக்கு வாய்ப்பூட்டு போட்டிருந்த காலத்தில்
எலிகள் அவன் கயிற்றைச் சுவைத்திருக்கின்றன,
யாரும் பார்க்கவில்லை.

முதல் மணி நேரம் தோள் வலித்தது.
இரண்டாவதில் தோளே இல்லை.
பிறகு நானும் இல்லை,
முன்னால் போகும் கயிறு, அதன் பின்னால் என் கயிறு.

கடைசிக்குச் சற்று முன் பேசில்
அறுந்த கயிற்றின் கம்பளி முனையைப் பிடித்தபடி
பின்னால் விழுந்தான்.
மேலே ஐந்தாம் மணி ஆளில்லாமல்
இரண்டு மூன்று முறை தன்போக்கில் அடித்தது.
"நில்லுங்கள்," என்றார் பெட்டிட்.

இரண்டு வரிசை பாக்கி.
நிறைவுறாத அடிப்புக்குச் சுவரில் பலகை கிடையாது,
பொன்னெழுத்து கிடையாது.
ஐயோ பாவம் என்றார் பாதிரியார், தேநீர் ஆறுகிறது என்றார்.
பேசில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான்.
பெட்டிட் மாவுப் பையை எடுத்து விரித்தார்,
பார்த்தார், பேசிலிடம் நீட்டினார்.
அவனுக்குக் கணக்கு வராது.
எனக்கு வந்தது.

ஐயாயிரத்து முப்பத்தெட்டு.

கல்லில் நாலாவது பெயர்
என் ரேஷன் புத்தகத்தோடு
ஒரே டிராயரில் கிடந்த இன்னொரு புத்தகத்துக்காரன்.
அவன் பங்கு நானூற்று ஐம்பத்தெட்டு.
திங்கட்கிழமை, கடை திறக்குமுன்,
அதை இரண்டாக அறுத்தேன்,
அவனுக்குப் பாதி எனக்குப் பாதி.
இருநூற்று இருபத்தொன்பது.

மூன்றால் போகவில்லை. ஏழால் போகவில்லை.
பதின்மூன்றையும் பத்தொன்பதையும்கூடக்
கெஞ்சிப் பார்த்தேன்.
வாசலில் வரிசை நின்றது.
கம்பியைத் துடைத்துவிட்டுக்
கதவைத் திறந்தேன்.